பட்டியலில் இல்லாத 90

மணி பன்னிரண்டே கால். ஐந்து மணிக்குள் வேறு ஆள் அகப்படாவிட்டால் என் அக்காவின் பெயரில் போலீஸ் புகார் போகும்.

வழியெல்லாம் இதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எழவு வீட்டில்கூட ஒரு ஜோக்கை வாய்க்குள் அடக்கி வைக்கத் தெரியாதவன் நான். இதற்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

"என்ன ரேடியோ, கரண்ட் போயிடுச்சா?" என்றார் மேடம்.

ரேடியோ நான்தான். வாய் மூடுவதில்லை என்று மேடம் வைத்த பெயர். மேடம் இருபத்தைந்து வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவர். எரியாத கடைக்குத் தீ விபத்துப் பணம் கேட்டவர்கள், சாகாத மாமனாருக்குக் கருமாதி பத்திரிகை அடித்தவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்தவர். வேலையை விட்டதும் துப்பறியும் ஏஜென்சி ஆரம்பித்தார். ஏஜென்சி என்றால் அவர், நான், ஒரு மேஜை, மேஜைக்குக் கால் ஆடாமல் இருக்க மடித்துவைத்த அட்டை. கம்ப்யூட்டர் என்றால் மேடத்துக்கு சுத்தமாக ஆகாது. அப்படிப்பட்டவரைத்தான் நான் ஒரு கம்ப்யூட்டர் கேஸுக்கு இழுத்துக்கொண்டு போகிறேன். எனக்கு வேறு யாரைத் தெரியும்?

அக்கா கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் அச்சகத்தின் வாசலில் வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். பெயர், ஊர், நேரம், வந்த நோக்கம், பார்க்க வேண்டியவர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. 'வந்த நோக்கம்' என்ற இடத்தில் 'அக்காவைக் காப்பாற்ற' என்று எழுதவா முடியும்? காலியாக விட்டுவிட்டுத் திரும்பினேன்.

"தம்பி, ஒரு நிமிஷம்."

எங்களை வரவேற்க வந்த மேனேஜர் என் கையிலிருந்த பேனாவை மெல்ல வாங்கினார். அந்தக் கட்டத்தில் 'விசாரணை' என்று முத்து முத்தாக எழுதினார். எனக்கு முன்னால் வந்த லாரிக்காரர் விட்டுவிட்டுப் போயிருந்த ஊர்ப் பெயரையும் விசாரித்து நிரப்பினார்.

"காலியா விட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வராது" என்று சிரித்தார். நரைத்த மீசை, கசங்காத சட்டை. படி ஏறும்போது என் தோளில் கை வைத்தார். "உங்க அக்கா தங்கமான பொண்ணு தம்பி. முதலாளிகிட்ட நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். சீட்டுக்கு விடறதில்ல, தினமும் ரிசப்ஷன்ல தனியா உக்காந்திருக்கு. நான்தான் ரெண்டு வேளையும் டீ வாங்கிக் கொடுக்கறேன்."

இந்த அச்சகத்தில் ஒரு நல்ல மனுஷராவது இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளியின் அறையில் மூன்று பேர். மேஜைக்குப் பின்னால் முதலாளி. இந்த விவகாரம் வெடித்த எட்டு நாளில் எட்டு வயது கூடியது போல இருந்தார். ஜன்னலோரம் அவருடைய மாப்பிள்ளை, காலை ஆட்டிக்கொண்டு செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். கதவோரத்து நாற்காலியில் அக்கா. என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தாள்.

"மூணு லட்சம் பிள்ளைங்க எழுத வேண்டிய பரீட்சை" என்றார் முதலாளி. "கேள்வித்தாள் இங்கதான் அச்சாகுது. சீல் ரூம்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள போறவங்க போன்கூட கொண்டு போகக் கூடாது. அங்க இருந்த கேள்வித்தாள், பரீட்சைக்கு முந்தின நாள் ஊர் பூரா போன்ல சுத்துச்சு. பரீட்சை ரத்து. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் எங்க ஃபயர்வாலைத் தோண்டிப் பாத்து இந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தார்."

மூடிய உறையை மேஜை மேல் வைத்தார்.

"இதை யாரெல்லாம் பாத்தாங்க?" என்று கேட்டார் மேடம்.

"நான் பாத்தேன். விளக்கம் கேக்கறப்போ இந்தப் பொண்ணு பாத்துச்சு. அவ்வளவுதான். லாக்கர் சாவி என் கழுத்துலயே இருக்கு."

"எனக்கே காட்டலை" என்றார் மாப்பிள்ளை, தலையைத் தூக்காமல்.

"காட்ட வேண்டிய அவசியம் இல்ல மாப்பிள்ளை" என்றார் முதலாளி. மரியாதையும் எரிச்சலும் சம அளவில் இருந்தன.

மேடம் ரிப்போர்ட்டைப் படித்தார். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, இரண்டு தடவை படித்தார். பிறகு அக்காவைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எனக்கு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லும்மா."

அக்கா மூச்சை இழுத்து விட்டாள். "ஒரு பெரிய ஹாலை பலகை வச்சு ரூம் ரூமா தடுக்கறோம்ல, அந்த மாதிரி மேடம். ஆபீசுக்கு ஒரு தடுப்பு, மெஷினுக்கு ஒண்ணு, சீல் ரூமுக்கு ஒண்ணு. வயர் ஒரே வயர்தான். ஆனா ஒரு தடுப்புல பேசறது இன்னொண்ணுக்குக் கேக்காது. அதுக்கு வீலான்னு பேரு. நடுவுல ஃபயர்வால் காவலுக்கு நிக்கும். யாரு யாரோட பேசலாம்னு அதுதான் முடிவு பண்ணும்."

"அந்தப் பலகையை எல்லாம் நீதான் அடிக்கறியா?"

"கையால அடிக்கறதில்ல. அதுக்கு ஒரு டூல் இருக்கு. ஒரு லிஸ்ட் எழுதி வைப்பேன். நம்பர், பேரு, போர்ட், யாரோட பேசலாம்னு வரிக்கு நாலு கட்டம். போர்ட்னா சுவத்துல இருக்கற சாக்கெட். டூலை ரன் பண்ணா அது ஃபயர்வால்கிட்ட போய் லிஸ்ட்ல உள்ளபடி இருக்கான்னு பாக்கும். இல்லாததைக் கட்டும். ஏற்கெனவே இருந்தா சும்மா வந்துடும்."

"நல்ல வேலைக்காரன்" என்றேன். "நம்ம வீட்டு பிளம்பர் சரியா இருக்கற குழாயைக்கூடப் பிரிச்சுட்டுத்தான் போவான்."

என் ஜோக்குக்கு யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். ஒரு திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு யாரோ அந்த லிஸ்டில் 90 என்று ஒரு வரி சேர்த்து டூலை ஓட்டியிருக்கிறார்கள். அது கட்டிய புதுத் தடுப்புக்கு சீல் ரூமோடு பேச அனுமதி. அதன் வழியாகக் கேள்வித்தாள் வெளியே போயிருக்கிறது. புதன்கிழமை மத்தியானம் அந்த வரியை அழித்து மறுபடியும் டூலை ஓட்டியிருக்கிறார்கள். யார் ஓட்டினாலும் டூல் தன் பெயரில்தான் கையெழுத்துப் போடும். அது இருக்கும் கம்ப்யூட்டர் சர்வர் ரூமில். சர்வர் ரூமுக்கு மூன்று சாவி. அக்காவிடம் ஒன்று, மாப்பிள்ளையிடம் ஒன்று, மேனேஜரிடம் ஒன்று.

"லிஸ்ட்ல வரியை அழிச்சாங்க. ஆனா ஃபயர்வால்ல 90 இன்னும் இருக்கு. அது எப்படி?" என்றார் மேடம்.

அக்காவின் கண்ணில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "அதைத்தான் மேடம் எட்டு நாளா கத்தறேன்! லிஸ்ட்ல இல்லாததை டூல் திரும்பியே பாக்காது. வரியை அழிச்சா பலகை போகாது. போகணும்னா வரியை வச்சுக்கிட்டே பக்கத்துல ஆப்சென்ட்னு போட்டு ரன் பண்ணணும். அப்பதான் டூல் போய்ப் பிரிக்கும். எனக்கு இது தெரியாதா? நானே செஞ்சிருந்தா சுத்தமா பிரிச்சுட்டுப் போயிருக்க மாட்டேனா?"

"ஆகா!" என்று நான் குதித்தேன். "மேடம், கேஸ் முடிஞ்சுது! அரைகுறையாத் தெரிஞ்சவன்தான் திருடன்!"

"பரபரப்புல மறந்துட்டேன்னு முதலாளி சொல்லுவாரு" என்றார் மேடம். "அரைகுறை மாதிரி நடிச்சேன்னும் சொல்லுவாரு. நானா இருந்தா ரெண்டாவதைத்தான் சொல்லுவேன்." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். குரல் மாறவே இல்லை. "அந்தத் திங்கட்கிழமை பத்து நாப்பதுக்கு எங்க இருந்தே?"

"என் சீட்லதான்."

"பொய். உன் பக்கத்து சீட்டுப் பொண்ணை வர்ற வழியில பாத்தேன். பத்தரையிலிருந்து பதினொண்ணு வரைக்கும் உன் நாற்காலி காலின்னு சொல்லுச்சு."

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள்.

அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் இருக்குமா? என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள், எனக்காக அடி வாங்கியவள், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு பூச்சி ஊர்ந்தது. இவளாக இருந்தால்? டூல் இவளுடையது. சாவி இருக்கிறது. இப்போது பொய்யும் சொல்கிறாள். அப்படி நினைத்ததற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் நினைத்தேன்.

"பாப்பாவுக்கு டான்சில் ஆபரேஷன்" என்றாள் அக்கா. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நாலு நாள் லீவு கேட்டேன். ஆள் இல்லைன்னு முதலாளி முடியாதுன்னுட்டாரு. பின்பக்கப் படிக்கட்டுல உக்காந்து அழுதுட்டு வந்தேன். அதை எழுதிக் கொடுத்தா லீவு தராத கோவத்துல செஞ்சேன்னு சொல்லுவாங்கல்ல? அதான் சொல்லலை."

"எனக்காவது சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"உன்கிட்ட சொன்னா தெரு பூரா கேக்கும்டா" என்றாள்.

மேடம் ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அழுததுக்கு சாட்சி இல்ல. ஆகவே நீயும் என் லிஸ்ட்ல இருக்கே. ஆனா இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க. நீ எனக்கு ஒரு உதவி பண்ணணும். போன்ல பேசணும். நான் எப்ப கட் பண்றேனோ அப்புறம் நான் கூப்பிடற வரைக்கும் எடுக்கக் கூடாது."

முதலாளி அறைக்குத் திரும்பினோம். மேனேஜரும் உள்ளே வந்து நின்றிருந்தார். மேடம் உட்காராமலேயே பேச ஆரம்பித்தார்.

"இன்னிக்கு மூணு மணிக்கு மறுபரீட்சைக் கேள்வித்தாள் வருதாமே? 90 இன்னும் ஃபயர்வால்ல இருக்கு. ஓட்டையைத் திறந்து வச்சுக்கிட்டா அச்சடிக்கப் போறீங்க?"

முதலாளி திடுக்கிட்டார். "இன்ஸ்பெக்‌ஷன்காரர் எல்லாத்தையும் நகல் எடுத்துட்டாரு. நீக்கிடலாம்னு சொல்லிட்டாரு. ஆனா இந்தப் பொண்ணை அந்த ரூமுக்குள்ள விட மாட்டேன். அன்னிக்கு அரக்கு வச்ச ரூம், இன்னும் திறக்கலை."

"விட வேணாம். ரிசப்ஷன்ல உக்காந்து போன்ல சொல்லட்டும். உங்க ஆள் ரெண்டு பேர்ல யாராவது செய்யட்டும்."

மேனேஜர் சங்கடமாகக் கையைப் பிசைந்தார். "நான் அந்த மெஷின் பக்கமே போனதில்ல மேடம். காகித ரீல், மை டப்பா, லாரி, இதுதான் எனக்குத் தெரியும். எங்க சின்னவர் செய்வாரு."

சின்னவர் என்றால் மாப்பிள்ளை. அவர் செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அஞ்சு நிமிஷ வேலை. இதெல்லாம் நான் எத்தனை வீடியோ பாத்திருக்கேன்!"

எனக்கு அந்த ஆளைப் பார்த்த நிமிஷத்திலிருந்தே பிடிக்கவில்லை. நேர்ந்து விட்ட மாடு மாதிரி ஆபீசைச் சுற்றி வருகிற ஜென்மம். மாமனார் சொத்தில் கை வைக்க முடியாத ஆத்திரம் வேறு இருக்கலாம். மேடத்தின் காதில் கிசுகிசுத்தேன். "பாருங்க, தானா வந்து மாட்டறான்."

"வாயை மூடிக்கிட்டு கண்ணைத் திறந்து வை" என்றார் மேடம்.

அரக்கு முத்திரையை முதலாளியே உடைத்தார். சர்வர் ரூமில் குளிர் எலும்பில் இறங்கியது. பச்சை விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டிருந்த இரும்பு அலமாரி. அதன் கதவின் உட்புறம் அக்காவின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. புதுத் தடுப்பு கட்டுவது எப்படி என்று வரிசையாக எழுதியிருந்தாள். 'நாலு கட்டமும் நிரப்பவும். ஒன்று காலியானாலும் ஓடாது. முதலில் ஒத்திகை, பிறகு ரன். பச்சை: மாற்றம் ஒன்றும் இல்லை. மஞ்சள்: மாற்றம் நடந்தது. சிவப்பு: தப்பு.' நீக்குவது எப்படி என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மேடம் தன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டார்.

"லிஸ்ட் தெரியுதா சார்?" அக்காவின் குரல்.

"தெரியுது. 10, 20, 30 எல்லாம் இருக்கு. 90 இல்லையே?"

"இருக்காது. அந்த வரியை யாரோ அழிச்சுட்டாங்க. ஆனா ஃபயர்வால்ல அது பாட்டுக்கு இருக்கு. அந்த வரியை அப்படியே மறுபடியும் எழுதி, கடைசில ஆப்சென்ட்னு போடுங்க. அப்பதான் டூல் போய் நீக்கும். நம்பர் தொண்ணூறு. பேரு..."

மேடத்தின் கட்டைவிரல் அசைந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

"அடடா, லைன் போச்சு" என்றார் மேடம். "இரும்புப் பெட்டிக்குள்ள நிக்கற மாதிரில்ல இருக்கு! பரவால்ல, நீங்க பாருங்க தம்பி."

மாப்பிள்ளை 90 என்று அடித்தார். ஆப்சென்ட் என்று அடித்தார். ஒத்திகை பார்த்தார். திரை சிவந்தது.

"என்னவாம்?" என்றார் முதலாளி.

"பேரு எங்கன்னு கேக்குது மாமா."

"பேரு என்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்? ரிப்போர்ட்டை நீங்கதான் பூட்டி வச்சிருக்கீங்க!" என்று சீறிவிட்டு 'டெம்ப்' என்று ஏதோ அடித்தார். மறுபடி சிவப்பு. போர்ட் காலி. மூன்று என்று அடித்தார். கடைசிக் கட்டத்தில் சீல் ரூம். இந்தத் தடவை திரை பச்சையாக மலர்ந்தது.

"முடிஞ்சுது!" என்று மாப்பிள்ளை கையைத் தட்டினார்.

"இல்ல சின்னவரே." பின்னால் நின்ற மேனேஜர் அலமாரிக் கதவைக் காட்டினார். "பச்சைன்னா மாற்றம் இல்லைன்னு போட்டிருக்கு பாருங்க. நீங்க சொன்ன பேர்ல அங்க ஒண்ணுமே இல்ல. 90 அப்படியேதான் இருக்கு."

கீழேயிருந்து போன் வந்தது. கேள்வித்தாளோடு அதிகாரி வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக. முதலாளியின் நெற்றியில் அந்தக் குளிரிலும் வேர்த்தது. மாப்பிள்ளை தன் வரியை அழித்தார். மறுபடி 90 என்று மட்டும் அடித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தார். 90க்குப் பக்கத்தில் மூன்று காலிக் கட்டங்கள்.

"அவரை எவ்வளவு நேரம்டா கீழ நிறுத்தி வைக்கறது?" என்று முதலாளி கத்தினார். மாப்பிள்ளையை 'டா' போட்டது அவருக்கே தெரியவில்லை.

மேனேஜர் இரண்டு தடவை முன்னால் வந்து இரண்டு தடவை பின்னால் போனார். மூன்றாவது தடவை பொறுக்கவில்லை.

"கொஞ்சம் எழுந்திரிங்க சின்னவரே. நான் பாக்கறேன்."

உட்கார்ந்தார். நாற்காலியை மேஜையோடு நெருக்கிப் போட்டுக்கொண்டார். ஒற்றை விரலால், ஆனால் தயங்காமல் அடித்தார். பெயர்: கட்டர்-2. போர்ட்: 14. பேசும் இடம்: சீல் ரூம். ஆப்சென்ட். ஒத்திகை பார்த்தார். மஞ்சள். ரன் கொடுத்தார். மஞ்சள். இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். பச்சை. இனிமேல் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை, 90 ஒழிந்தது.

முதலாளி அவர் முதுகில் தட்டினார். "நீ இல்லேன்னா இந்த அச்சகமே இல்லப்பா."

மணி இரண்டு பத்து. மாப்பிள்ளை திருடன் இல்லை என்பது தெரிந்துவிட்டது. இவ்வளவு அழகாக முழிக்கிற திறமை அவருக்குக் கிடையாது. அப்படியானால் மிச்சம்? அக்காதான் மிச்சம். மேடம் கணக்கைத் தப்பாகப் போட்டு என் அக்காவை வசமாக மாட்டிவிட்டாரோ என்று பதறிப்போனேன்.

மேடம் மேனேஜரைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை எனக்குத் தெரியும். சாகாத மாமனார்களைக் கண்டுபிடிக்கும்போது வருவது.

"அருமை சார். இந்த பதினாலு எங்க இருக்கு?"

"கோடௌன்ல மேடம். ரீல் அடுக்குக்குப் பின்னால..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"அந்த மெஷின் பக்கமே போனதில்லைன்னீங்க" என்றார் மேடம். "சரி, தாளைப் பாத்துச் செஞ்சீங்கன்னு வச்சுக்கறேன். 90ங்கற நம்பரை நானே சொன்னேன், சீல் ரூமை உங்க சின்னவர் அடிச்சாரு. ஆப்சென்ட்டைப் போன்ல சொன்னாங்க. கட்டர்-2, பதினாலு, இதை ரெண்டையும் யாரு சொன்னா?"

"அந்தப் பொண்ணு... போன்ல சொல்லுச்சே."

"பேருன்னு ஆரம்பிக்கும்போதே நான் கட் பண்ணிட்டேன். சிக்னல் ஜோரா இருக்கு, பாருங்க." போனைத் திருப்பிக் காட்டினார். "அந்த வரி லிஸ்ட்ல இல்ல. அழிச்சாச்சு. ரூமுக்கு எட்டு நாளா அரக்கு. ரிப்போர்ட் முதலாளி லாக்கர்ல. உங்க சின்னவருக்கே தெரியலை, டெம்ப்னு அடிக்கறாரு. அழிச்ச வரியை மனப்பாடமா ஒருத்தர் எழுதறாருன்னா, அதை முதல்ல எழுதினவர் அவராத்தான் இருக்கணும்."

"யாரோ பேசிக்கிட்டது காதுல விழுந்திருக்கும்..."

முதலாளி கழுத்தில் கிடந்த சாவியைக் கையால் பிடித்துக்கொண்டார். "நான் யாருகிட்டயும் சொல்லலையேப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஏதாவது ஒரு நல்ல பதிலைச் சொல்லிவிடேன் என்று கெஞ்சுவது போல இருந்தது.

"தெரியாத மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நின்னிருக்கலாம்" என்றார் மேடம். "ஆனா உங்களால முடியாது. வாசல்ல யாரோ ஒரு லாரிக்காரன் விட்ட கட்டத்தையே நிரப்பினீங்க. தெரிஞ்ச பதிலை வச்சுக்கிட்டு மூணு காலிக் கட்டத்தை எவ்வளவு நேரம்தான் பாத்துக்கிட்டு இருப்பீங்க? போதாததுக்கு 90 சீக்கிரம் ஒழியணும்னு உங்களுக்கும் அவசரம்."

மேனேஜர் மீசையைத் துடைத்தார். நாற்காலியை விட்டு எழவில்லை.

"என் பையன் மூணாவது தடவையா எழுதறான்" என்றார். "ரெண்டு தடவை நாலு மார்க்ல போச்சு. இந்தத் தடவையும் போனா ஏதாவது பண்ணிக்குவேன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லியிருக்கான். அவனுக்கு மட்டும்தான் கொடுத்தேன். படிச்சுட்டு அழிச்சுடுடான்னேன். அவன் கூடப் படிக்கறவங்க நாலு பேருக்கு அனுப்பிட்டான். நான் ஒரு காசு வாங்கலை முதலாளி. வரியை அழிச்சா அதுவும் போயிடும்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு மாட்டும்னு சத்தியமா நினைக்கலை."

"மாட்டினப்புறம்?" என்றார் மேடம்.

மேனேஜர் ஒற்றை விரலால் திரையை அணைத்தார்.

எனக்கு அவர் மேல் ஒரு கணம் இரக்கம் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது.

ரிசப்ஷனிலிருந்து அக்காவை முதலாளி அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்; மற்றவர்களும் அங்கே திரும்பியிருந்தார்கள். முதலாளி எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார். "தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார். மேஜை டிராயரிலிருந்து டைப் அடித்த ஒரு தாளை எடுத்தார். ஐந்து மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டிய புகார். கிழிக்கப் போனவரை அக்கா தடுத்தாள்.

"ஒரு தடவை படிச்சுட்டுத் தரேன் சார்."

நின்றபடியே படித்தாள். பாதியில் நிறுத்தி, மறுபடி மேலிருந்து படித்தாள். நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். காரணம் என்று போட்டு, மகளின் அறுவை சிகிச்சைக்கு விடுப்பு மறுக்கப்பட்ட ஆத்திரத்தில் இதைச் செய்ததாகவும், சம்பவ நேரத்தில் இருக்கையில் இல்லை என்றும் எழுதியிருந்தது.

"இதை யாரு எழுதினது சார்?"

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். "என் கடிதம் எல்லாம் அவன்தானேம்மா எழுதுவான். இருபத்திரண்டு வருஷமா."

"படிக்கட்டுல நான் அழுததைப் பாத்தது இவர் ஒருத்தர்தான்" என்றாள் அக்கா. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாத குரல். "இவரை எதுக்கு இழுக்கணும்னு மேடத்துகிட்டகூடச் சொல்லலை. தண்ணி கொண்டு வந்து கொடுத்தாரு. நல்லா அழும்மா, இங்க யாரும் வராம பாத்துக்கறேன்னு சொல்லிட்டு மேல போனாரு."

மேல் மாடியில் இருப்பது சர்வர் ரூம். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா தாளை மேஜை மேல் வைத்தாள். கிழிக்கவில்லை. "பேரை மாத்திக்கோங்க சார். காரணத்தையும் மாத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் அவளை எட்டிப் பிடித்தேன். சொல்லாவிட்டால் எனக்கு சோறு இறங்காது.

"அக்கா, நாற்காலி காலின்னு மேடம் சொன்னப்போ... நானும் ஒரு நிமிஷம் உன்னை..."

"தெரியும்டா" என்றாள். "உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? சந்தேகப்பட்டே, மூஞ்சில காட்டினே." கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளியின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "எட்டு நாளா டீ வாங்கிக் கொடுத்தாரு. எதிர்ல உக்காந்து பாப்பா எப்படி இருக்கான்னு கேட்டாரு. அந்த மூஞ்சில ஒண்ணுமே தெரியலை. நானும் எல்லாத்தையும் அவர்கிட்டதான்டா சொல்லிக்கிட்டு இருந்தேன்."